எல்.ஈ.டி லைட் பைக் எடுக்கலாமா? ராவில வழியில லைட் நிண்டா என்ன செய்யிற?

வெல்லாவெளிப் பக்கம் ராவில ஓடுற ஆள், எல்.ஈ.டி ஹெட்லைட் உள்ள புது பைக் சரிவருமா, வழியில நிண்டா கையால ஒண்டும் செய்ய ஏலாதே எண்டு கேட்டிருக்கீங்க. கம்பெனியில இருந்தே எல்.ஈ.டி பூட்டி வாற பைக் எண்டா யோசிக்காம எடுங்க. நான் வேணாம் எண்டு சொல்லுறது மற்றத, பல்புக்கெண்டு செஞ்ச லைட்டுக்குள்ள கடையில விக்கிற எல்.ஈ.டி பல்ப வாங்கிச் செருகுறத.

லைட்டுக்குள்ள வெளிச்சத்த முன்னால திருப்பி விடுற ரிப்ளெக்டர் இரிக்கே, அது உள்ளுக்குள்ள இழை எரியிற இடத்துக்குக் கணக்குப் பாத்து வளைச்சது, எல்.ஈ.டி சிப் அந்த இடத்தில சரியா இரிக்காட்டி வெளிச்சம் மரத்துக்கும் எதிர வாறவன்ட கண்ணுக்கும் போகும், றோட்டில விழாது. இருட்டினாப் பிறகு களுவாஞ்சிக்குடியில இருந்து கல்முனைக்கு ஒருக்கா ஓடிப் பாருங்க விளங்கும். மாடு நடு றோட்டில படுத்துக் கிடக்கிற ஊரில கண்ணக் கூசினா என்ன ஆகும் எண்டு நான் சொல்லத் தேவையில்ல. இன்னொண்டு, சில பழைய பைக்குகள்ள ஹெட்லைட்டுக்கு பற்றியில (பேட்டரியில) இருந்து கரண்ட் வாறதில்ல, எஞ்சின் கொயில்ல இருந்து நேரா வாற, திசை மாறி மாறி ஓடுற ஏ.சி கரண்ட், அதில இந்த எல்.ஈ.டி பல்ப் மினுக்கு மினுக்கெண்டு அடிக்கும்.

சீ.டி 100, டிஸ்கவர் மாதிரிச் சின்னப் பைக்குகளுக்கு 35/35 வாட் பல்ப். உள்ளுக்க ரெண்டு இழை, டிம் போனா ஹையில வீடு போகலாம், லைட்டக் கொஞ்சம் கீழ சாச்சு விட்டா எதிர வாறவன் ஏசவும் மாட்டான். கூட வெளிச்சம் வேணுமெண்டு 60/55 போடுற ஆக்களும் இரிக்காங்க, கொஞ்ச நாளையில ஹோல்டர் உருகும். புது பல்ப் மாட்டக்குள்ள கண்ணாடியில விரல் படாம பிடிங்க, கையில உள்ள எண்ணெய் பட்ட இடம் கூடச் சூடாகி பல்ப் கெதியாப் போயிரும்.

இனி வழியில நிண்டா. நான் பாத்தளவில லைட் செத்து நிக்கிறது குறைவு, கரண்ட் வந்து சேராம நிக்கிறதுதான் கனக்க, அது எல்.ஈ.டிக்கும் பல்புக்கும் ஒரே கதை. முதல்ல ஹோர்னும் சிக்னலும் வேலை செய்யுதா பாருங்க, ரெண்டும் இல்லாட்டி ஃபியூஸ், அந்தப் பெட்டிக்குள்ளேயே கனக்க பைக்குல ஸ்பெயார் ஒண்டு கிடக்கும். மறுகா ஹேண்டில இடம் வலம் திருப்பிப் பாருங்க, விட்டு விட்டு எரிஞ்சா கழுத்தடியில வயர் அறுந்திரிக்கி. சுவிச்ச நாலஞ்சு தரம் போட்டு நிப்பாட்டுங்க. கல்லடி, திருக்கோவில் பக்கம் கடக்கரையில நிக்கிற பைக்குகள்ள சொக்கட்டுக்குள்ள பச்சையாப் பூத்துப் போயிரிக்கும், கழட்டி ஒரு ஊசியால சுரண்டிப் பூட்டினாலே எரியும். அதுக்கும் எரியல்லயா, ஹெட்லைட் எர்த்துல (கரண்ட் திரும்பிப் போற வயர்ல) இருந்து ஒரு துண்டு வயர எஞ்சின் போல்டுல சுத்திப் பாருங்க. இதுக்கெல்லாம் சீட்டுக்குக் கீழ டேப், வயர் துண்டு, சின்ன ஸ்குரூ டிரைவர், தலையில மாட்டுற டோர்ச் ஒண்டு இரிந்தாக் காணும்.

பல்ப் அடிக்கடி போகுதெண்டா பல்ப மாத்திக்கிட்டே இரிக்காதீங்க. எஞ்சின முறுக்கி வெச்சு பற்றியில மீட்டரப் பிடிங்க, 14, 14.5 வோல்ட் எண்டா சரி, 15க்கு மேல ஏறினா வோல்ட்டக் கூட விடாமப் பாக்கிற ரெகுலேட்டர் பழுது. எல்.ஈ.டி யூனிட்டையும் இது கொல்லும், அத முழுசாத்தான் மாத்தணும், சல்லி கூட. அதால பைக் எடுக்க முதல் மட்டக்களப்புலயே அந்த ஹெட்லைட் யூனிட் கிடைக்குமா, கொழும்புக்கு ஓடர் போடணுமா எண்டு கடையில கேட்டுட்டு எடுங்க.

ஒண்டுமே சரிவராட்டி, வாவிக்கு மேற்கால இரிக்கிற படுவான்கரையோ கரடியனாறு தாண்டின றோட்டோ, டோர்ச் வெளிச்சத்தில போயிரலாம் எண்டு வெளிக்கிட வேணாம். ஆனை கிட்ட வாற வரைக்கும் தெரியாது. வீடோ கடையோ உள்ள இடத்தில பைக்க நிப்பாட்டிட்டு ஆரையாவது வரச் சொல்லிக் கோல் எடுங்க.