தோப்புக்குப் பனீர் எதற்கு?

கேள்வி: காணும் பொங்கலன்று எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து கோவளம் பக்கம் ஒரு சவுக்குத் தோப்புக்குப் போகிறோம். பெரியவர், சிறியவர் சேர்த்து 30 பேர். வீட்டுக்கு ஒரு பதார்த்தம் என்று ஏற்பாடு. இரண்டு வீட்டில் சிக்கன் பிரியாணி கொண்டு வருகிறார்கள். சைவ மெயின் டிஷ் என் பொறுப்பு. பனீர் பட்டர் மசாலாவும் சப்பாத்தியும் செய்யலாம் என்று நினைக்கிறேன். புளியோதரையே போதும் என்கிறார் மாமியார். அத்தனை பேர் முன்னால் புளியோதரைத் தூக்கைத் திறந்தால் கௌரவக் குறைச்சலாக இருக்காதா?
– வாசகி, தாம்பரம்.

பதில்: மாமியார் சொல்வதுதான் சரி. கௌரவத்தைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்.

காலை 7 மணிக்குச் சமைத்து இறக்குவீர்கள். எட்டரைக்கு வேன் என்றால் ஒன்பதேகாலுக்குத்தான் கிளம்பும். காணும் பொங்கலன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் எப்படி நகரும் என்று தாம்பரத்தில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போய்ச் சேர்ந்து, ஜமக்காளம் விரித்து, பிள்ளைகளை அலையிலிருந்து இழுத்து வந்து உட்கார வைக்கும்போது மணி ஒன்றரை. உங்கள் பனீர் அடுப்பை விட்டு இறங்கி ஆறரை மணி நேரம் ஆகியிருக்கும். வெண்ணெய் உறைந்து ஓரத்தில் மஞ்சளாகக் கட்டியிருக்கும், பனீர் ரப்பராகியிருக்கும், சப்பாத்தியைக் கிழிக்க இரண்டு கையும் வேண்டும். தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டாவது கை ஏது? போகிற வழியில் வேன் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினால் கிரேவி யார் புடவையில் என்பது இன்னொரு கேள்வி.

இது ருசி விஷயம் மட்டுமில்லை. சமைத்த உணவு 5 டிகிரிக்கு மேல், 60 டிகிரிக்குக் கீழ் கிடக்கும் நேரத்தில்தான் கிருமிகள் பெருகும். அதனால்தான் சமைத்ததை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்கிறார்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். ‘ஹாட் பாக்ஸில் வைத்துவிடுவேன்’ என்று நீங்கள் சொல்வீர்கள். நம் வீட்டு ஹாட் பாக்ஸ் மதியம் வரை சூட்டைக் காப்பாற்றாது, வெதுவெதுப்பைத்தான் காப்பாற்றும். கிருமிக்கு அதைவிட வசதியான வீடு கிடைக்காது. பால், வெண்ணெய், முந்திரி விழுது எல்லாம் சேர்ந்த குழம்பை அதில் அடைத்து 30 பேருக்கு நீட்டாதீர்கள்.

சோறும் அப்படியொன்றும் சாது இல்லை. அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியில்கூடச் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்து, வாந்தியெடுக்க வைக்கும் நஞ்சை உண்டாக்கும். பிறகு எத்தனை முறை சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. ஆனால் நல்ல புளிப்பில் அதன் ஆட்டம் அடங்கிவிடும். புளியைக் கொதிக்கவிட்டுச் சுண்ட வைத்து, நல்லெண்ணெயில் மிதக்க வைத்து, ஆறிய சோற்றில் பிசைந்தார்களே, நம் பாட்டிகளுக்குக் கிருமியின் பெயர் தெரியாது, வழி தெரிந்திருந்தது. அதற்காக மறுநாள் வரை வைத்துச் சாப்பிடலாம் என்று நான் சொல்லவில்லை. காலையில் கலந்ததை அன்று மதியமே முடித்துவிடுங்கள்.

புளிக்காய்ச்சலை முதல் நாளே செய்துவிடலாம். ஒரு கிலோ அரிசிக்குச் சுமார் 150 கிராம் புளி, 150 மில்லி நல்லெண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய புளியாக இருந்தால் நிறம் தானாக வரும். கரைசல் பச்சை வாசனை போகக் கொதித்து, கரண்டியில் எடுத்தால் ஒட்டிக்கொண்டு விழ வேண்டும். ஓரத்தில் எண்ணெய் கக்கும், அதுதான் இறக்கும் நேரம். வறுத்த வெந்தயம், தனியா, மிளகாய்ப் பொடியைக் கடைசியில் தூவுங்கள். வெந்தயத்தைக் கருக்கிவிட்டால் மொத்தமும் கசக்கும், அதற்கு மருந்து கிடையாது.

சோற்றை உதிரியாக வடித்து, அகலத் தாம்பாளத்தில் கொட்டி, மஞ்சளும் நல்லெண்ணெயும் விட்டு ஆறவிடுங்கள். அவசரத்தில் சூடாகவே கலந்து மூடினீர்களோ, மூடியில் வேர்த்த தண்ணீர் திரும்பச் சோற்றில் சொட்டி நசநசக்கும். தூக்கில் வாழையிலையைப் போட்டு அதன்மேல் அடையுங்கள். வேர்க்கடலையை மட்டும் தனியாக வறுத்து ஒரு டப்பாவில் கொண்டுபோய், பரிமாறும்போது கலந்தால் கடலை கடலையாக இருக்கும். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தை யாராவது வருகிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வேறு எதுவுமே ஆகாதா என்றால், எலுமிச்சை சாதம் பரவாயில்லை. தேங்காய் சாதம் சீக்கிரம் ஊசிவிடும். வெண்பொங்கல் ஆறினால் கல். தயிர் சாதத்தைப் பால் விட்டுப் பிசைந்து, ஒரே ஒரு கரண்டி தயிர் உறை ஊற்றினால் மதியத்துக்குப் பதமாக இருக்கும், அதை வேறு வீட்டுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். புளியோதரை உங்களுக்கு வரவே வராது என்றால் எண்ணெயும் மிளகாய்ப் பொடியும் தடவிய இட்லி. ரயிலில் தலைமுறை தலைமுறையாகத் தேர்வு எழுதிப் பாஸான ஐட்டம் அது. தட்டுகூட வேண்டாம்.

பனீர் மசாலா மெயின் டிஷ்ஷே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது தொட்டுக்கொள்ளத்தான். அதை மட்டும் சாப்பிட்டு வயிறு நிறையாது. உங்கள் பாத்திரம் தனியாக நின்று ஒரு ஆளின் பசியை ஆற்ற வேண்டும், ஏனென்றால் அந்தத் தோப்பில் சிலருக்கு அதை விட்டால் வேறு சாப்பாடு இல்லை. கௌரவம் என்றீர்களே, பசியோடு திருப்பைஞ்ஞீலிக்கு நடந்து வந்த அப்பருக்கு வழியில் சிவபெருமான் கொடுத்ததாகப் புராணம் சொல்வது பொதிசோறு. பரமசிவனுக்கு வராத குறைச்சல் உங்களுக்கு என்ன வந்துவிடப் போகிறது?

இனி நீங்கள் கேட்காத ஒன்று. அசைவம் சாப்பிடுகிறவர்கள் சைவத்தைத் தொடமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு அளவைக் குறைத்துவிடாதீர்கள். பிரியாணிக்கு வரிசையில் நிற்கிறவர் அதற்கு முன்னால் ‘ருசி பார்க்க’ என்று புளியோதரையில் இரண்டு கரண்டி போட்டுக்கொள்வார். சைவக்காரர்கள் வந்து எட்டிப் பார்க்கும்போது தூக்கின் அடியில் கறிவேப்பிலைதான் இருக்கும். 30 பேருக்கு ஒன்றரைக் கிலோ அரிசி போடுங்கள், பிரியாணி இருப்பதால் தாராளமாகப் போதும். கரண்டியைத் தூக்கின் காதில் ஒரு நூலால் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அது பிரியாணி அண்டாவுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் முதலில் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஆரம்பத்திலேயே அறிவித்துவிடுங்கள். அறிவிக்கக் கூச்சமாக இருந்தால் மாமியாரிடம் சொல்லுங்கள். அவருக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது.