சகமோட்டோவுக்குப் பிறகு ஜப்பான்

அன்புள்ள சார்,

ஃபிகர் ஸ்கேட்டிங் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து நானும் என் மகளும் யூடியூபில் பழைய போட்டிகளைத் தேடித் தேடிப் பார்க்கிறோம். அவள் இங்கே பெரம்பூரில் ரோலர் ஸ்கேட்டிங் பழகுகிறாள். ஜப்பானின் நட்சத்திர வீராங்கனை காவோரி சகமோட்டோ 2025-26 சீசனோடு விலகுவதாக அறிவித்துவிட்டார். நான்கு சுற்றுத் தாவல் போடும் மாவோ ஷிமாடாவுக்கோ வயது போதவில்லை என்று மிலான் ஒலிம்பிக் கிடையாது. ஜப்பான் பெண்களின் காலம் அவ்வளவுதானா?

— ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை. அவர்களுக்கு நல்ல காலம் இனிமேல்தான் என்று நினைக்கிறேன்.

இருபது வருடம் முன்பும் இதே கவலை வந்தது. அப்போதும் ஒரு மாவோதான். 2005 டிசம்பரில் கிராண்ட் ப்ரீ என்ற சர்வதேசத் தொடரின் இறுதியில், அப்போதைய உலக சாம்பியன் இரினா ஸ்லுட்ஸ்காயாவைத் தோற்கடித்தார் மாவோ அசாடா. வயது 15. ஆனால் ஜூலை 1-க்குள் 15 நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி, அவர் பிறந்ததோ செப்டம்பரில். டூரின் ஒலிம்பிக் கைநழுவியது. அங்கே போன 24 வயது ஷிசுகா அரகாவா தங்கம் வென்றார். அசாடா காத்திருந்து 2010-ல் வான்கூவரில் ஒரே போட்டிக்குள் மூன்று டிரிபிள் ஆக்சல் (மூன்றரைச் சுற்றுத் தாவல்) போட்டு வெள்ளி வாங்கினார். ஷிமாடாவுக்குப் பெயர் வைத்தது அவர் நினைவாகத்தான்.

ஷிமாடாவுக்கு நான்கு மாத வயது போதவில்லை. பிறந்தது 2008 அக்டோபர் 30. குறைந்தபட்ச வயதை 15-லிருந்து படிப்படியாக 17 ஆக்க 2022-ல் முடிவு செய்தார்கள். அந்தக் குழந்தைக்கு வருத்தமாகத்தான் இருக்கும். ஆனாலும் விதி சரி என்பதே என் கட்சி. ரஷ்யப் பெண்கள் 2014, 2018, 2022 மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கினார்கள். முதல் இருவரான சோட்னிகோவாவும் சகிடோவாவும் இன்னொரு ஒலிம்பிக்கில் ஆடவில்லை. 2014-ல் சோச்சி ஒலிம்பிக்கில் 15 வயதில் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த லிப்னிட்ஸ்காயா 19 வயதில் விலகினார். ஒல்லியான சிறுமியின் உடம்பு காற்றில் வேகமாகச் சுழலும், இடுப்பு அகன்றதும் அதே சுழற்சி கடினமாகிவிடும். அந்த ஒன்றிரண்டு வருடத்தை மட்டும் நம்பிப் பயிற்சி கொடுத்தால், வருடாவருடம் புதுக் குழந்தை தேவைப்படும். நம் ஊரில் அரங்கேற்றத்தோடு சலங்கையைக் கழற்றிவிடும் பெண்களைப் பார்க்கும்போது வரும் அதே ஆற்றாமைதான் எனக்கு.

சகமோட்டோவைப் பாருங்கள். நாலு சுற்றுத் தாவலும் இல்லை, போட்டியில் டிரிபிள் ஆக்சலும் இல்லை. ஆனால் 2022, 2023, 2024 என்று தொடர்ந்து மூன்று உலகப் பட்டம். 1966-68-ல் பெக்கி ஃப்ளெமிங்குக்குப் பிறகு எந்தப் பெண்ணுக்கும் வாய்க்காதது அது. அவருடைய டபுள் ஆக்சலை உங்கள் மகளுக்கு மெதுவாக ஓடவிட்டுக் காட்டுங்கள். முன்பக்கம் பார்த்தபடி எழும்பும் தாவல் ஆக்சல் ஒன்றுதான், அதனால் அரைச் சுற்று கூடுதல். மற்றவர்கள் எழும்புவதற்கு முன் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பார்கள். இவர் வந்த வேகத்திலேயே ஏறி, நெடுந்தூரம் பறந்து, இறங்கிய பிறகும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். நாலு வயதிலிருந்து ஒரே பயிற்சியாளர், சொனோகோ நகானோ. பதினைந்து வயதில் முடித்துவிடலாம் என்ற அவசரம் அங்கே இல்லை. அந்தப் பொறுமையைத்தான் நான் ஜப்பானின் பலமாகப் பார்க்கிறேன். 2030 ஒலிம்பிக்கின்போது ஷிமாடாவுக்கு 21 வயது இருக்கும். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியபோது சகமோட்டோவுக்கும் அதே வயதுதான்.

ஷிமாடா 2023, 2024, 2025 மூன்று வருடமும் ஜூனியர் உலக சாம்பியன். தாவல் அவருக்கு இருக்கிறது. உடம்பு மாறும்போது அது நிலைக்குமா என்பது எனக்கும் உள்ளூர ஒரு பயம். நிலைத்தாலும் நிலைக்காவிட்டாலும் அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே இருக்கிறது. ஒலிம்பிக்கில் ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் மூன்று இடம்தான் என்பதால், டிசம்பரில் நடக்கும் தேசியப் போட்டியில் நல்ல நல்ல பெண்கள் வெளியே நிற்க வேண்டியிருக்கிறது.

என் உண்மையான கவலை பனித்தளம். அரகாவா பழகிய செண்டாய் தளத்தையே 2004-ல் மூடினார்கள். அவர் தங்கம் வென்ற பிறகு, 2007-ல்தான் மறுபடி திறந்தது. மின்கட்டணம் ஏற ஏற ஒரு தளத்தை உறைய வைத்திருப்பது லேசான செலவில்லை. ஷிமாடாவுக்கு அடுத்து வரும் பெண்ணுக்குக் காலையில் பழக அக்கம்பக்கத்தில் ஒரு தளம் இருக்குமா என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.