விண்டோஸ் 11-இன் புதிய தோற்றத்தைச் சிலர் கொண்டாடுகிறார்கள், சிலர் திட்டித் தீர்க்கிறார்கள். யார் சொல்வது சரி? 10-இலிருந்து மாறுகிறவர்கள் எதையெல்லாம் மாற்றிக்கொள்ள வேண்டும்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுபோனது. ‘எனக்கு 10 போதும்’ என்றிருந்தவர்களும் இப்போது 11-க்கு வந்துகொண்டிருக்கிறார்கள். 2021 அக்டோபர் 5-இல் வெளியான ஒரு தோற்றத்தைப் பற்றிய சண்டை இன்னும் சூடு ஆறாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

இரு தரப்பும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் பேசுவது வெவ்வேறு விஷயங்களை. மெச்சுகிறவர்கள் நிறம், மூலை, எழுத்து, ஐகான் ஆகிய மேற்பூச்சைப் பார்க்கிறார்கள். அது உண்மையிலேயே நல்ல வேலை. குறை சொல்கிறவர்கள் டாஸ்க்பார், ரைட் கிளிக் மெனு, ஸ்டார்ட் மெனு பற்றிப் பேசுகிறார்கள். அங்கே மைக்ரோசாஃப்ட் பழகிய வசதிகளைப் பிடுங்கிக்கொண்டு, அவற்றில் சிலவற்றை மட்டும் பல ஆண்டுகளில் தவணை முறையில் திருப்பிக் கொடுத்தது. அந்தக் கோபம் முழுக்க நியாயமானது என்பதே என் கருத்து.

முதலில் மேற்பூச்சு. செட்டிங்ஸ் திறந்தால் பின்னணியில் மெல்லிய ஒரு சாயல் தெரியும். வால்பேப்பரை அடர்சிவப்புக்கு மாற்றிப் பாருங்கள், அந்தச் சாயலும் சிவப்பின் பக்கம் சாயும். இதற்கு மைக்கா என்று பெயர். விஸ்டாவிலும் விண்டோஸ் 7-இலும் இருந்த ஏரோ கண்ணாடி, பின்னால் எந்த விண்டோ இருக்கிறதோ அதை ஓயாமல் மங்கலாக்கிக் காட்டியது. மைக்கா அப்படியில்லை. வால்பேப்பரை ஒரே ஒரு முறை எடுத்துக்கொண்டு அதிலிருந்து நிறத்தை உண்டாக்கிவிடுகிறது. ஆகவே ‘இந்தக் கண்ணாடி வேலையால்தான் மெஷின் இழுக்கிறது’ என்ற புகார் மைக்காவுக்குப் பொருந்தாது. ஸ்டார்ட் மெனு, ரைட் கிளிக் மெனு போலத் தோன்றி மறைகிற இடங்களில் இருப்பது அக்ரிலிக். பின்னால் இருப்பதை மங்கலாக்குவது அதுதான். பழைய கிராஃபிக்ஸ் உள்ள மெஷின் என்றால் செட்டிங்ஸ் → பெர்சனலைசேஷன் → கலர்ஸ் போய் ‘டிரான்ஸ்பரன்சி எஃபெக்ட்ஸ்’ அணையுங்கள், இரண்டும் போய்விடும். ஆனால் பலருக்கு மந்தமாகத் தோன்றுவது அனிமேஷன்தான். செட்டிங்ஸ் → ஆக்சஸபிலிட்டி → விஷுவல் எஃபெக்ட்ஸ் பக்கத்தில் ‘அனிமேஷன் எஃபெக்ட்ஸ்’ அணைத்ததும் விண்டோ திறப்பதும் மூடுவதும் சட்டென்று நடக்கும். அதே பக்கத்தில் ‘ஆல்வேஸ் ஷோ ஸ்க்ரோல்பார்ஸ்’ இருக்கிறது. அதை எல்லோரும் போட்டுக்கொள்வது நல்லது. மெலிந்து மறைந்துபோகும் ஸ்க்ரோல்பாரால், பக்கத்தில் கீழே இன்னும் ஏதோ இருக்கிறது என்பதே சிலருக்குத் தெரியாமல் போகிறது.

வளைந்த மூலைகளில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. முழு விண்டோவுக்கு 8 பிக்சல், உள்ளே இருக்கும் பட்டன்களுக்கு 4. திரை முழுக்க விரித்தாலோ பக்கத்தில் ஒட்டினாலோ மூலை நேராகிவிடும், இடையில் வால்பேப்பர் எட்டிப் பார்க்காது. யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

மேற்பூச்சில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது ஒன்றுதான். எந்த விண்டோவில் இப்போது டைப் ஆகும் என்பது ஒரே பார்வையில் தெரிவதில்லை. இயங்கும் விண்டோவும் சும்மா இருக்கும் விண்டோவும் ஏறக்குறைய ஒரே வெளுப்பு. இரண்டு எக்செல் ஃபைலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்களை ஏற்றுகிறவர் தவறான ஃபைலில் அடித்துவிடுவார். கலர்ஸ் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் ‘ஷோ ஆக்சென்ட் கலர் ஆன் டைட்டில் பார்ஸ் அண்ட் விண்டோஸ் பார்டர்ஸ்’ என்ற சுவிட்சைப் போட்டு, ஆக்சென்டாக (அழுத்திக் காட்டும் நிறமாக) அழுத்தமான ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். டைட்டில் பாரை, அதாவது விண்டோவின் மேல்பட்டையை, தானே வரைந்துகொள்ளும் சில ஆப்கள் இதற்குக் கட்டுப்படாது. விளிம்புக் கோடாவது நிறம் மாறும்.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தத் தோற்றத்துக்கென்றே அளவுக்கேற்ப வடிவம் மாறும் சீகோ யூஐ வேரியபிள் என்ற எழுத்துருவைக் கொண்டுவந்தார்கள். அதில் தமிழ் எழுத்துகள் கிடையாது. தமிழ் இன்னும் நிர்மலா யூஐ எழுத்துருவில்தான் தெரிகிறது. புதிய எழுத்துருவின் பலன் நமக்கு இல்லை. எழுத்து சிறிதாகத் தெரிந்தால் ஆக்சஸபிலிட்டி → டெக்ஸ்ட் சைஸ் பக்கத்தில் 100-இலிருந்து 225 சதவீதம் வரை ஏற்றலாம். 110, 115 என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஒரேயடியாக ஏற்றினால் சில பழைய டயலாக்குகளில் எழுத்து வெட்டுப்படும்.

இனி டாஸ்க்பார். இங்கேதான் விவகாரம் கனமானது. விண்டோஸ் 11-க்காக டாஸ்க்பாரை அடியிலிருந்து புதிதாக எழுதினார்கள். புதிதாக எழுதும்போது பழைய வசதிகள் தானாக வந்துவிடாது, ஒவ்வொன்றையும் மறுபடி கட்ட வேண்டும். கட்டி முடிப்பதற்கு முன்பே வெளியிட்டுவிட்டார்கள். ஃபைலை இழுத்துக்கொண்டுபோய் டாஸ்க்பாரில் இருக்கும் ஆப் மேல் நிறுத்தி, அந்த விண்டோ மேலே வந்ததும் உள்ளே விடும் வசதி 2021-இல் இல்லை. 2022 செப்டம்பரில் 22எச்2 பதிப்போடுதான் திரும்பியது. ஒவ்வொரு விண்டோவுக்கும் பெயரோடு தனிப் பட்டன் காட்டும் வசதி 23எச்2 காலத்தில், அதாவது 2023 இறுதியில் வந்தது. பத்து எக்செல் ஃபைல் திறந்து வேலை செய்கிற கணக்கர் இந்த இரண்டு ஆண்டும் ஒவ்வொரு முறையும் ஐகான் மேல் மவுஸை நிறுத்தி, சின்னச் சின்னப் படங்களில் தேடி, பிறகு கிளிக் செய்ய வேண்டியிருந்தது. பிரவுசர் ஒன்றை மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த இழப்பு கண்ணிலேயே படாது. ஒரே டாஸ்க்பாரைப் பற்றி இருவர் நேர்மாறாகப் பேசுவது இப்படித்தான்.

இப்போது அதைத் திரும்பப் பெற: செட்டிங்ஸ் → பெர்சனலைசேஷன் → டாஸ்க்பார் → டாஸ்க்பார் பிஹேவியர்ஸ். ‘கம்பைன் டாஸ்க்பார் பட்டன்ஸ் அண்ட் ஹைட் லேபிள்ஸ்’ என்பதை ‘நெவர்’ ஆக்குங்கள். இரண்டு மானிட்டர் இருந்தால் அதற்குக் கீழேயே ‘அதர் டாஸ்க்பார்ஸ்’ என்று தனியாக ஒன்று இருக்கும், அதையும் மாற்ற வேண்டும். மேலே உள்ளதை மட்டும் மாற்றிவிட்டு ‘இரண்டாவது திரையில் வேலை செய்யவில்லை’ என்பவர்கள் நிறைய. இந்த வரியே தென்படவில்லை என்றால் பதிப்பு பழையது. சிஸ்டம் → அபவுட் பக்கத்தில் பதிப்பு எண்ணைப் பார்த்து அப்டேட் செய்யுங்கள்.

ஐகான்கள் நடுவில் இருப்பதைப் பற்றியும் ஓயாத வாக்குவாதம். நடுவில் வைத்தால் புதிதாக ஒரு ஆப் திறக்கும்போதெல்லாம் ஸ்டார்ட் பட்டன் உட்பட எல்லாம் கொஞ்சம் இடதுபக்கம் நகரும். கை பழகிய இடத்தில் பட்டன் இருக்காது. ஸ்டார்ட் இடது மூலையில் இருந்தால் மவுஸைக் கண்ணால் பார்க்காமலே மூலைக்கு வீசலாம், திரையின் ஓரம் தடுத்து நிறுத்திவிடும். மூலையும் ஓரமும் எளிதில் எட்டும் இலக்குகள் என்பது 1954-இல் உளவியலாளர் பால் ஃபிட்ஸ் வகுத்த விதியிலிருந்து கிடைக்கும் முடிவு. மிக அகலமான மானிட்டரில் இடது மூலை எங்கோ தூரத்தில் இருக்கும், அங்கே நடுவில் வைப்பதும் சரிதான். சாதாரண லேப்டாப்பில் இடதுதான் நல்லது என்பேன். அதே டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் பக்கத்தில் ‘டாஸ்க்பார் அலைன்மென்ட்’ → ‘லெஃப்ட்’.

உயரக் கணக்கையும் பாருங்கள். விண்டோஸ் 10-இல் டாஸ்க்பார் உயரம் 40 பிக்சல், சிறிய பட்டன் போட்டால் 30. 11-இல் 48. இன்னும் எத்தனையோ அலுவலகங்களில் ஓடும் 1366×768 திரையில் 48 என்பது உயரத்தில் 6 சதவீதத்துக்கும் மேல். டாஸ்க்பாரைப் பக்கவாட்டில் வைத்து இந்த உயரத்தை மிச்சம் பிடித்தவர்களுக்கு அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள். குறைவான பேர்தான் பயன்படுத்துகிறார்கள் என்று நிறுவனம் காரணம் சொன்னது. அந்தக் குறைவான பேர் அதை நாள் முழுக்கப் பயன்படுத்தியவர்கள் என்பது கணக்கில் வரவில்லை. ‘ஆட்டோமேட்டிக்கலி ஹைட் த டாஸ்க்பார்’ போட்டுக்கொள்வது ஓரளவுக்கு மாற்று.

ரைட் கிளிக் மெனு விஷயத்தில் நான் மைக்ரோசாஃப்ட் பக்கம் பாதி நிற்கிறேன். பழைய மெனு, விண்டோஸ் 95 காலத்திலிருந்து யார் வேண்டுமானாலும் வரி சேர்க்கலாம் என்று விட்டதில் வளர்ந்த காடு. ஒவ்வொரு சாஃப்ட்வேரும் சேர்த்த நிரல், ஃபைல்களையும் டாஸ்க்பாரையும் காட்டும் எக்ஸ்ப்ளோரருக்கு உள்ளேயே ஓடும். ஒன்று தடுமாறினால் மெனு திறக்கத் தாமதமாகும், சில நேரம் எக்ஸ்ப்ளோரரே விழும். அதைச் சீர்படுத்த நினைத்தது சரி. செய்த விதம் சரியில்லை. கட், காப்பி, ரீநேம், டெலீட் ஆகியவற்றைப் பெயரில்லாத சின்ன ஐகான்களாக்கி ஒரு வரிசையில் வைத்தார்கள். அந்த வரிசை மவுஸுக்கு அருகில் வர வேண்டும் என்பதால், திரையின் மேல்பகுதியில் கிளிக் செய்தால் மெனுவின் உச்சியிலும், கீழ்ப்பகுதியில் கிளிக் செய்தால் மெனுவின் அடியிலும் வரும். அருகில் வருகிறது, ஆனால் ஒரே இடத்தில் வருவதில்லை. கைப்பழக்கம் உருவாகவே விடாத ஏற்பாடு. 24எச்2 பதிப்பில் ஐகான்களின் கீழ் பெயர் போட்டார்கள், அது பெரிய உதவி.

உங்கள் பழைய சாஃப்ட்வேரின் வரி மெனுவில் காணவில்லை என்றால் அது அழியவில்லை. புதிய முறைக்கு ஏற்ப எழுதப்படாதவை எல்லாம் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ உள்ளே போய்விட்டன. ஃபைல்களைச் சுருக்கும் சாஃப்ட்வேர்களில் வின்ரார் 6.10 பதிப்பிலேயே மாறிக்கொண்டது, 7-ஜிப் மாறவில்லை. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் நேரே பழைய மெனு திறக்கும். ஃபைலைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட் + எஃப்10 அழுத்தினாலும் அதேதான். பழைய மெனுவை நிரந்தரமாக்க, விண்டோஸின் உள் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் கை வைப்பதற்கு முன் ஒரு வாரம் இதைப் பழகிப் பாருங்கள். பெயர் மாற்ற எஃப்2, பாதையை நகலெடுக்க கன்ட்ரோல் + ஷிஃப்ட் + சி. இவை வந்துவிட்டால் மெனுவே அவ்வளவாகத் தேவைப்படாது.

ஸ்டார்ட் மெனுவில் ‘ரெகமெண்டெட்’ பகுதி பலருக்கும் எரிச்சல். பெர்சனலைசேஷன் → ஸ்டார்ட் போய் டிப்ஸ், புதிய ஆப் பற்றிய பரிந்துரைகளை அணைத்தால் விளம்பரம் போன்றவை நிற்கும். சமீபத்திய ஃபைல்களையும் அணைக்கப் போனால்தான் சிக்கல். அந்த ஒரே சுவிட்சோடு ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ‘ரீசண்ட்’ பட்டியலையும் டாஸ்க்பார் ஐகானில் ரைட் கிளிக் செய்தால் வரும் ஜம்ப் லிஸ்ட்டையும் கட்டிவைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட்டைச் சுத்தம் செய்யப்போய், எக்செல் ஐகானில் சமீபத்திய ஃபைல்கள் காணாமல் போய்விட்டன என்று திகைப்பவர்கள் காரணத்தை அங்கே தேட வேண்டும். 2025 இறுதியில் ஸ்டார்ட் மெனு மறுபடி மாறி, குத்திவைத்த (பின் செய்த) ஆப்களும் எல்லா ஆப்களும் ஒரே பக்கத்தில் உருட்டிப் பார்க்கும்படி ஆனது. அது நல்ல முன்னேற்றம்.

எக்ஸ்ப்ளோரரில் வரிகளுக்கிடையே இடைவெளி அதிகம், விரலால் தொடுகிறவர்களுக்காக வைத்தது. மவுஸ் மட்டும் வைத்திருந்தால் ‘வியூ’ → ‘காம்பேக்ட் வியூ’ போதும். 11-இல் எல்லோருமே ஒத்துக்கொள்ளும் நல்ல மாற்றம், திரையைக் கட்டங்களாகப் பிரித்து விண்டோக்களை அடுக்கும் ஸ்னாப் லேஅவுட். விண்டோஸ் கீ + இசட் அழுத்தி, எண்ணைத் தட்டினால் விண்டோ அந்தக் கட்டத்தில் போய் உட்காரும்.

எக்ஸ்ப்ளோரர்பேட்ச்சர், ஸ்டார்ட்ஆல்பேக் போன்ற வெளியார் டூல்களைப் போட்டால் பழைய தோற்றம் முழுதாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அவை எக்ஸ்ப்ளோரரின் உள்ளுறுப்புகளைப் பிடித்து மாற்றுகின்றன. மைக்ரோசாஃப்ட் அந்த உறுப்பை நகர்த்தியதும் பிடி நழுவும். வீட்டு மெஷினில் உங்கள் விருப்பம், அலுவலக மெஷினில் வேண்டாம். போட்டுத்தான் தீருவேன் என்றால் பெரிய அப்டேட் வருவதற்கு முன் அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, அப்டேட் முடிந்தபின் அதற்கேற்ற புதிய பதிப்பைப் போடுங்கள். அப்டேட்டுக்குப் பின் டாஸ்க்பார் வராமல் திரை மினுக்கிக்கொண்டே இருந்தால் பதற வேண்டாம். கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘ரன் நியூ டாஸ்க்’ கொடுத்து கன்ட்ரோல் பேனலைத் திறந்து, புரோகிராம்ஸ் பட்டியலிலிருந்து அந்த டூலை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்படியும் மினுக்கல் நிற்கவில்லை என்றால், அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் போய் இதையே செய்யலாம்.