வீடியோ ரெஃப்ரி வந்த பிறகும் கால்பந்து ரசிகர்கள் ஏன் நம்ப மறுக்கிறார்கள்? தோற்ற ஆத்திரமா?

கேள்வியின் கடைசியில் "தோற்ற ஆத்திரமா" என்று ஒரு வால் வைத்திருக்கிறீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். மற்றபடி நான் இங்கே வாசிப்பதோடு சரி.

நீங்கள் கிரிக்கெட் அதிகம் பார்ப்பவர் என்று நினைக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே டி.ஆர்.எஸ். கேட்டால் மூன்றாவது நடுவர் பேசுவது டிவியில் நமக்கும் கேட்கிறது, பந்து எங்கே பிட்ச் ஆனது, ஸ்டம்பில் படுமா என்பதைப் பெரிய திரையில் மொத்த மைதானமும் சேர்ந்து பார்க்கிறது. அதில் பழகியவருக்குக் கால்பந்து ரசிகன் கத்துவது வெறும் அடமாகத் தெரியலாம். ஆனால் தோற்றவன்தான் கத்துகிறான் என்றால் சுவீடனை என்ன சொல்வீர்கள்? அங்கே கிளப்புகளில் பெரும்பான்மை ஓட்டு உறுப்பினர்களாக இருக்கிற ரசிகர்களின் கையில். வி.ஏ.ஆர்., அதாவது தனி அறையில் உட்கார்ந்து வீடியோ பார்த்து ரெஃப்ரிக்குத் தவறைச் சொல்கிற இந்த வீடியோ ரெஃப்ரி, எங்கள் லீகுக்கு வேண்டாம் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வராத வி.ஏ.ஆரால் அவர்கள் எந்த ஆட்டத்தைத் தோற்றார்கள்? பக்கத்து நார்வேயில் அது வந்துவிட்டது. 2024 ஜூலையில் ரோசன்போர்க், லில்லெஸ்ட்ரோம் ஆட்டத்தில் மீன் கேக்கையும் டென்னிஸ் பந்தையும் உள்ளே எறிந்து எதிர்ப்பைக் காட்டினார்கள், ஆட்டமே பாதியில் நின்றுபோனது.

அப்புறம், பந்து கோல் கோட்டைத் தாண்டியதா என்று கேமராக்களை வைத்துக் கண்டுபிடிக்கிற கோல் லைன் தொழில்நுட்பத்தையும் வி.ஏ.ஆரையும் ஒன்றாகப் போட்டுப் பேசுகிறார்கள், அது சரியில்லை. 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்த பந்து பாரில் பட்டுக் கோட்டுக்கு நன்றாக உள்ளே விழுந்ததை உலகமே பார்த்தது, ரெஃப்ரி மட்டும் பார்க்கவில்லை. 2012இல் கோல் லைன் தொழில்நுட்பத்துக்கு அனுமதி கிடைத்ததில் அந்தக் கோலுக்குப் பெரிய பங்கு உண்டு. இதில் மனிதனின் கருத்துக்கு இடமே இல்லை. முழுப் பந்தும் கோட்டைத் தாண்டினால் ஒரு விநாடிக்குள் ரெஃப்ரியின் வாட்ச் அதிரும், தாண்டாவிட்டால் அதிராது. இதை எதிர்த்துப் பெரிதாக யாரும் கத்தியதில்லை. 2020 ஜூன் 17 ஆஸ்டன் வில்லா, ஷெஃபீல்ட் யுனைடெட் ஆட்டம்தான் அந்த நம்பிக்கையில் விழுந்த அடி. வில்லா கோல்கீப்பர் நைலாண்ட் பந்தைப் பிடித்தபடியே கோட்டுக்குப் பின்னால் போய்விட்டார், வாட்ச் அதிரவில்லை. ஏழு கேமராக்களும் ஆட்களாலும் போஸ்ட்டாலும் மறைந்துவிட்டன என்று அந்தத் தொழில்நுட்பத்தை நடத்துகிற ஹாக்-ஐ நிறுவனம் பிறகு மன்னிப்புக் கேட்டது. ஆட்டம் 0-0. அந்த சீசனில் வில்லா ஒரே ஒரு புள்ளியில் லீகை விட்டு இறங்காமல் தப்பித்தது, போர்ன்மவுத் கீழ் லீகுக்கு இறங்கியது. வி.ஏ.ஆர். அறையில் ஆள் இருந்தும் குறுக்கே வரவில்லை, அதுதான் பலருக்கும் இன்றுவரை ஆறவில்லை.

வி.ஏ.ஆர். விஷயம் வேறு. அங்கே தீர்ப்புச் சொல்வது கேமரா இல்லை, கேமராவைப் பார்க்கிற மனிதர்கள். 2023 செப்டம்பர் 30, டோட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் போட்டது நல்ல கோல். லைன்ஸ்மேன் ஆஃப்சைடு, அதாவது பாஸ் கொடுத்த நொடியில் எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி நின்றார் என்று கொடி தூக்கிவிட்டார். அறையில் இருந்தவரோ களத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு "சரிபார்த்தாயிற்று" என்று சொல்லிவிட்டார், கோல் இல்லை என்ற முடிவே நின்றுவிட்டது. ஆட்டம் மறுபடி தொடங்கியது, இனி நிறுத்த விதி இல்லை என்றார்கள். அந்த அறையில் பேசிய ஒலிப்பதிவு சில நாள் கழித்துத்தான் வெளியே வந்தது. அன்று அது நேரலையில் ஓடியிருந்தால் கேலரியில் இருக்கும் பையன்கூடத் தவறைச் சொல்லியிருப்பான்.

எனக்கு இது இவ்வளவு உறைக்கக் காரணம் நானும் லைன்மேனாகக் கொடி பிடித்தவன் என்பதுதான். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடலோரம், தூத்தூர் பக்கத்து ஊர்கள். கடலை விட்டால் கால்பந்துதான். எங்கள் கரையிலிருந்து மாநிலங்களுக்கு இடையே நடக்கிற சந்தோஷ் டிராபி வரை போய் ஆடியவர்கள் நிறைய.

திருவிழாவை ஒட்டி நடந்த, அணிக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் ஃபைனல் ஒன்றில் நான் லைன்மேன். எங்கள் பக்கம் செவன்ஸில் பெரும்பாலும் ஆஃப்சைடு பார்ப்பதில்லை, அதனால் பந்து வெளியே போனதா, கோல் கோட்டைத் தாண்டியதா என்பதுதான் லைன்மேனின் முக்கிய வேலை. ஆட்டம் முடியப் போகிற நேரம், இரண்டு பக்கமும் சமம். ஒரு பையன் தலையால் அடித்த பந்து பாரில் பட்டு நேர்கீழாக இறங்கியது, கோல்கீப்பர் விழுந்து அள்ளிவிட்டான். நான் கோட்டுக்கு நேரே நின்றேன். முழுப் பந்தும் தாண்டவில்லை, கொடி காட்டவில்லை, ரெஃப்ரியும் ஆட்டத்தைத் தொடரவிட்டார். கடைசியில் பெனால்டி ஷூட் அவுட்டில் தலையால் அடித்த பையனின் அணி தோற்றது.

அதற்குள் செல்போன் வந்துவிட்டது. கார்னரில் இருந்து கொஞ்சம் முன்னால் தள்ளி, மதில்மேல் உட்கார்ந்து ஒருவன் எடுத்த வீடியோ. அதை நிறுத்திப் பார்த்தால் பந்துக்கும் சுண்ணாம்புக் கோட்டுக்கும் நடுவில் மணல் நன்றாகத் தெரிகிறது. பார்க்கிறவன் எவனும் கோல் என்றுதான் சொல்வான். தோற்ற ஊர்க்காரர்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். வயதில் பெரியவர் ஒருவர் மட்டும் அமைதியாக, "மக்கா, இதைப் பாத்துட்டு நீயே சொல்லு" என்று போனை என் கையில் தந்தார். கமிட்டிக்காரர்கள் என்னை மெதுவாக வெளியே கூட்டிப்போகப் பார்த்தார்கள். நான் போகவில்லை.

"அண்ணே, போன் இருந்த எடத்துல ஏறி நில்லுங்க" என்றேன். ஒரு பந்தை எடுத்துக் கோட்டுக்கு நேர் மேலே, முழங்கால் உயரத்தில் பிடித்தேன். "உள்ள கெடக்கு" என்று மதில்மேல் இருந்து கத்தினார்கள். பந்தை அசைக்காமல் பிடித்தபடியே, இப்போது இறங்கி வந்து போஸ்ட்டின் பக்கத்தில் கோட்டோடு கண்ணை வைத்துப் பாருங்கள் என்றேன். ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள். பந்து கோட்டுக்கு மேலேயே இருந்தது. உயரத்தில் இருந்து சாய்வாகப் பார்த்தால் அந்தரத்தில் இருக்கிற பந்து அதற்குப் பின்னால் இருக்கிற மணலை மறைக்கும், அதனால் உள்ளே இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றும், இவ்வளவுதான் விஷயம். கூட்டத்தில் பாதிப் பேர் அங்கேயே கலைந்துவிட்டார்கள். அந்த அணியின் மேனேஜர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பரவாயில்லை. லைன்மேன் முடிவே இறுதி என்று சொல்லிவிட்டு நான் வண்டி ஏறியிருந்தால், காசு வாங்கியவன் என்ற பெயர் எனக்கு அந்தக் கரை முழுக்க நிலைத்திருக்கும்.

இதே கதைதான் 2022 டிசம்பரில் கத்தார் உலகக் கோப்பையில் ஜப்பான், ஸ்பெயின் ஆட்டத்தில் நடந்தது. மிதோமா எல்லைக் கோட்டில் இருந்து இழுத்துக் கொடுத்த பந்தில் ஜப்பான் கோல் போட்டது. பந்துக்கும் கோட்டுக்கும் நடுவில் பச்சைப் புல் தெரிகிற படம் உலகம் முழுக்கச் சுற்றியது, மோசடி என்றார்கள். பந்தின் விட்டம் சுமார் 22 சென்டிமீட்டர். அது தரையைத் தொடும் இடம் கோட்டுக்கு 10 சென்டிமீட்டர் வெளியே இருந்தாலும் அதன் வயிற்றுப் பகுதி கோட்டுக்கு மேலேதான் இருக்கும். அன்றைக்குப் பந்தின் சுமார் 2 மில்லிமீட்டர் கோட்டுக்கு மேலே இருந்தது. முடிவு சரியானது. ஆனால் கோட்டுக்கு நேராக எடுத்த படத்தை ஃபிஃபா உடனே காட்டவில்லை, அடுத்த நாள் வரை இழுத்தார்கள். அதற்குள் நம்பாதவன் நம்பாதவனாகவே உறுதியாகிவிட்டான்.

ஆஃப்சைடு கோடும் அப்படித்தான். விநாடிக்கு 50 படம் எடுக்கிற கேமராவில் இரண்டு படங்களுக்கு நடுவே, முழு வேகத்தில் ஓடுகிறவன் 16 சென்டிமீட்டருக்கு மேல்கூட நகர்ந்துவிடுவான். பாஸ் கொடுத்த நொடி எந்தப் படம் என்பதை ஒரு ஆள்தான் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார், அதை வைத்துக்கொண்டு கால்விரல் நுனி வெளியே என்று கோலைப் பறித்தார்கள். 2025 ஏப்ரலில் இங்கிலாந்தின் பிரிமியர் லீக், கணினியே பெரும்பாலும் கணித்துக் கோடு போடுகிற அரைத் தானியங்கி முறைக்கு மாறிய பிறகு இது கொஞ்சம் பரவாயில்லை.

    

"ஊர் லைன்மேன் நீ, ஹாக்-ஐ பற்றிப் பேச வந்துவிட்டாயா" என்று கமெண்டில் யாராவது வருவார்கள். வரட்டும். நான் தொழில்நுட்பத்துக்கு எதிரி இல்லை. 2024 ஜூன் 11, தோஹா, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா, கத்தார் ஆட்டம். சாங்டே போட்ட கோலில் நாம் 1-0 முன்னிலை. நம் கோல்கீப்பர் குர்பிரீத் தடுத்த பந்து எல்லைக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது, அதை உள்ளே இழுத்துக் கத்தார் கோல் போட்டது, ரெஃப்ரி கொடுத்தும்விட்டார். அந்தச் சுற்றில் வி.ஏ.ஆர். கிடையாது. கடைசியில் 2-1 தோல்வி, ஜெயித்திருந்தால் மூன்றாம் சுற்று. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. அதனால் ஐரோப்பாவில் "வி.ஏ.ஆரை ஒழி" என்று கத்தும்போது அவர்களோடு சேர்ந்து என்னால் கத்த முடியாது.

நான் கேட்பது ஒன்றுதான், அந்த அறையில் பேசுவதை அப்போதே எங்களையும் கேட்க விடுங்கள். ரக்பியில் பல வருடமாக அப்படித்தான் நடக்கிறது. 2023 மகளிர் உலகக் கோப்பையில் ரெஃப்ரியே மைக்கில் முடிவை மைதானத்துக்கு அறிவித்தார், அது நல்ல தொடக்கம். ஆனால் அறைக்கும் ரெஃப்ரிக்கும் நடுவில் என்ன பேச்சு நடந்தது என்பது அதிலும் வெளியே வரவில்லை.