வன்னியில் எங்கள் காணி குடிநீர் விநியோகப் பகுதிக்கு வெளியே இருக்கிறது. அதை உள்ளே சேர்ப்பது எப்படி?

கேட்டவரின் நிலைமை இது: அப்பாவின் பெயரில் உள்வீதியில் ஒரு பெர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. பக்கத்துக் கிராமம் வரை தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் குழாய் வந்துவிட்டது. இவர்களுடைய ஒழுங்கை மட்டும் விநியோகப் பகுதிக்குள் வராது என்கிறார்கள். இனி என்ன செய்யலாம்?

சேர்க்கலாம். ஆனால் தனிக் காணிக்காரராகப் போனால் வேலை நடப்பது கடினம். ஒழுங்கை முழுவதும் சேர்ந்து போங்கள். எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் செயலாளராக இருந்தபோது இந்த வேலைக்காக அலைந்து, தண்ணீர் வந்ததையும் பார்த்தவன் நான். அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில், பக்கத்தில் போவது என்ன குழாய் என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரிய வீதிகளின் ஓரமாகப் போகும் பருத்த குழாய்கள் பல, சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நீர்த்தாங்கிக்குத் தண்ணீர் கொண்டுபோகிறவை. அவற்றில் வீட்டு இணைப்புக்குத் துளை போட விடமாட்டார்கள். வீடுகளுக்குத் தண்ணீர் தருவது தாங்கியிலிருந்து இறங்கிவரும் விநியோகக் குழாய். 'வாசலால குழாய் போகுது, எங்களுக்கு மட்டும் தரேல்லை' என்று மனம் நோகிறவர்கள் பலருடைய வாசலில் போவது முதல் வகைக் குழாய். உங்கள் பகுதிக்கான நிலையப் பொறுப்பதிகாரியிடம் நேரில் கேளுங்கள். விநியோகக் குழாய் எந்த மூலையில் முடிகிறது என்பதை அவர் வரைபடத்தில் காட்டுவார். அந்த முடிவுப் புள்ளியிலிருந்து உங்கள் ஒழுங்கை எவ்வளவு தூரம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

விநியோகக் குழாய் உங்கள் வாசலாலேயே போகிறதென்றால் விஷயம் இலகு. விண்ணப்பப் படிவம், அடையாள அட்டைப் பிரதி, காணி ஆவணம், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல். வந்து பார்ப்பார்கள், மதிப்பீடு தருவார்கள், பணம் கட்டினால் மீற்றர் வைப்பார்கள்.

அப்படி இல்லாதபோது நீங்கள் கேட்பது குழாய் நீடிப்பு. அதற்கு அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் உங்கள் கடிதமும் வேறு மாதிரி அமையும்.

முதலாவது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, இன்னும் எத்தனை வீட்டுக்குத் தாங்கும் என்பது. வன்னியில் குளத்து நீர் என்றால் வயலின் பங்கு முன்னால் வந்து நிற்கும். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டத்துக்கு விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பிறகு தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டி 2024இல் திறந்தார்கள். அந்த விவசாயிகளின் பயம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். சிறுபோகத்துக்கு எவ்வளவு ஏக்கர் விதைக்கலாம் என்று குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்துத் தீர்மானிக்கிற மக்கள் அவர்கள். அதனால் குளத்தில் நீர் நிறைந்திருக்கிறதே என்ற வாதத்தை அலுவலகத்தில் வைக்காதீர்கள். அது எடுபடாது.

இரண்டாவது, அழுத்தம். தாங்கியின் நீர்மட்டம் 10 மீற்றர் உயரமாக இருந்தால் கீழே ஏறக்குறைய 1 பார் (bar, அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கிடைக்கும். எங்கள் நிலம் தட்டை. தாங்கியின் உயரத்தை விட்டால் வேறு மேடு கிடையாது. குழாய் நீள நீள உராய்வில் அழுத்தம் கரையும். உங்கள் ஒழுங்கை கடைசியில் இருந்தால், காலையில் எல்லோரும் பைப்பைத் திறக்கும் நேரத்தில் உங்களுக்கு நூலாகத்தான் வரும். இதைப் பொறியியலாளர் கணக்குப் பார்க்காமல் நீட்டமாட்டார்.

மூன்றாவதுதான் வன்னியின் பெரிய சிக்கல். இவ்வளவு தூரக் குழாய்க்கு எத்தனை வீடு? நகரத்தில் நூறு மீற்றருக்குள் வீடுகள் நெருங்கி நிற்கும். எங்களுக்கு அரை ஏக்கர், ஒரு ஏக்கர், அதற்கும் மேலே. நடுவில் பற்றை மண்டிய காணிகள்; சொந்தக்காரர் கனடாவிலோ கொழும்பிலோ இருப்பார். அந்தக் காணிகளும் குழாயின் நீளத்தைக் கூட்டும், ஆனால் கணக்கில் இணைப்பாக வராது. எங்கள் ஒழுங்கையிலும் இதுதான் நடந்தது. பிறகு வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு ஒவ்வொருவராக வட்ஸ்அப்பில் பேசினோம். வீடு கட்டும் எண்ணம் உள்ளவர்களிடமும், அற்றோனித் தத்துவம் கொடுத்து இங்கே ஆள் வைத்திருப்பவர்களிடமும் 'இணைப்பு எடுப்போம்' என்று எழுத்தில் கடிதம் வாங்கினோம். எண்ணிக்கை கூடியதும் பேச்சின் தொனியே மாறியது.

கடிதத்தோடு ஒரு வரைபடம் வையுங்கள். எங்களுடையது பள்ளிக்கூடப் பிள்ளையின் சித்திரக் கொப்பித் தாளில் வரைந்தது. ஒழுங்கையின் நடுவே ஒரு கோடு, இருபுறமும் பெட்டி பெட்டியாகக் காணிகள். ஆள் இருக்கும் வீட்டுக்குச் சிவப்பு, வெறுங்காணிக்குப் பச்சை. அடையாளத்துக்கு மின்கம்பங்களின் இலக்கங்களைக் குறித்தோம், ஏனென்றால் உள்வீதிகளில் வீட்டு இலக்கம் என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. கூடவே ஒரு பட்டியல்: பெயர், அடையாள அட்டை இலக்கம், காணி ஆவணம் என்ன, இப்போது தண்ணீர் எங்கே எடுக்கிறார்கள், கையொப்பம். அளக்க வந்த உத்தியோகத்தர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே ஒழுங்கை முழுக்க நடந்தார்.

கிணற்று நீரின் பரிசோதனை அறிக்கையையும் இணையுங்கள். கேத்திலின் அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிவதை எல்லோரும் பார்த்திருப்போம், அது வாய்ப்பேச்சு. அறிக்கை என்றால் இலக்கம் பேசும். இலங்கைக் குடிநீர்த் தரநிலை எஸ்.எல்.எஸ். 614இன்படி புளோரைட்டு லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குள்ளும், மொத்தக் கடினத்தன்மை 250 மில்லிகிராமுக்குள்ளும் இருக்கவேண்டும். அதைத் தாண்டிய அறிக்கையும், ஒழுங்கையில் சிறுநீரக நோயாளர் இருந்தால் அவர்களுடைய சம்மதத்தோடு அந்த விபரமும், முன்னுரிமை கேட்பதற்கு வலுவான காரணங்கள். வரட்சிக் காலத்தில் பவுசரில் தண்ணீர் தருகிறார்கள் என்றால் அதையும் எழுதுங்கள்.

காணி ஆவணத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். உறுதி எழுதிய சொந்தக் காணி என்றால் பிரச்சினை குறைவு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட் காணிகளே எங்கள் பக்கம் அதிகம். இடப்பெயர்வில் பெர்மிட் தொலைந்திருந்தால், பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் பதிவைத் தேடி உறுதிப்படுத்திய பிரதி கேளுங்கள். அப்பா காலமாகியிருந்தால், அம்மாவின் உரிமையும் பின்னுரித்தாளர் யார் என்பதும் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சகோதரங்களுக்குள் அது தீராமல் இருந்தால் தண்ணீர் விண்ணப்பத்தில் வந்து முட்டிக்கொள்ளும். காணியின் மேல் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல் பிரச்சினை இருந்தால் அதையும் பிரதேச செயலகத்தில் எழுத்தில் தீர்த்துக்கொண்டு போங்கள். குழாய் இன்னொருவர் காணிக்குள்ளால் வரவேண்டுமென்றால் அவருடைய சம்மதம் எழுத்தில் வேண்டும். நல்ல உறவு இருக்கும்போதே வாங்கி வையுங்கள்.

வீதியை வெட்டும் அனுமதி, வீதி யாருடையதோ அவர்களிடம். ஏ9 போன்றவை வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையவை, உள்வீதிகள் பெரும்பாலும் பிரதேச சபையினுடையவை, இடையில் மாகாண வீதிகளும் உண்டு. ஒழுங்கைக்குக் காபெற் போடும் திட்டம் வருகிறதென்றால் ஓடிப்போய்ச் சொல்லுங்கள். புது வீதியை வெட்ட ஒருவரும் விரும்பமாட்டார்கள்.

கடிதத்தின் பிரதிகள் கிராம அலுவலர், பிரதேச செயலாளர், பிரதேச சபைத் தவிசாளர் மூவருக்கும் போகட்டும். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் உங்கள் ஒழுங்கையின் பெயர் அறிக்கையில் ஏறவேண்டும். நிதி பிரிக்கும் நேரத்தில் அந்த ஒரு வரி உதவும். மாதக்கணக்கில் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமையைப் பயன்படுத்துங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். 'ஏன் தரவில்லை' என்று கேட்காதீர்கள். 'இந்தக் கிராம அலுவலர் பிரிவுக்கான குழாய் நீடிப்புத் திட்டம் உண்டா, இருந்தால் மதிப்பீட்டின் பிரதி தரவும்' என்று ஆவணத்தைக் கேளுங்கள். கைக்கு வரும் தாள் அடுத்த கூட்டத்துக்குப் பயன்படும்.

தூரம் பல கிலோமீற்றர் என்றால் குழாய்க்காகவே காத்திருக்காதீர்கள். தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களம் கிராமத்துக்கு நீர்த்திட்டம் அமைக்க உதவுகிறது. ஊரார் சங்கமாகப் பதிவுசெய்து, உழைப்பிலும் பணத்திலும் பங்கு போட்டு, மாதக் கட்டணம் தாங்களே அறவிட்டு நடத்தவேண்டும். கணக்கு வழக்கைச் சுத்தமாக வைத்திருக்கும் ஒருவர் ஊரில் இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள். தண்ணீர்ப் பம்பு பழுதானால் திருத்தக் காசு இல்லாமல் பூட்டிக் கிடக்கும் திட்டங்களைப் பார்க்க நெஞ்சு வேகிறது.

இணைப்பு கிடைத்த பிறகு செய்யக்கூடாத ஒன்று. கிணற்று மோட்டரின் குழாயையும் சபையின் குழாயையும் ஒன்றாகப் பொருத்திவிடாதீர்கள். சபையின் குழாயில் அழுத்தம் குறையும் நேரத்தில் உங்கள் கிணற்று நீர் பின்னால் போய் ஒழுங்கை முழுவதற்கும் கலந்துவிடும். கிணற்றைத் தூர்க்கவும் வேண்டாம். தோட்டத்துக்கும் மாட்டுக்கும் அது தனிக் குழாயில் இருக்கட்டும்.