மகள் தறியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள் என்று எழுதிய அம்மாவுக்கு

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பள்ளி இறுதியாண்டில் இருக்கும் மகள் சனிக்கிழமை ஆனால் உள்ளூர் துணிக்கலைச் சங்கத்துக்குக் கிளம்பிவிடுகிறாள். வீட்டிலும் ஊசியும் நூலுமாகவே உட்கார்ந்திருக்கிறாள். இப்போது மேற்படிப்பும் அதிலேயே வேண்டும் என்கிறாள். "பொழுதுபோக்காக இருக்கட்டும் என்றுதான் சேர்த்துவிட்டேன், அதுவே பிழைப்பாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஓராண்டில் அவள் வாங்கிய 11 பட்டறைச் சான்றிதழ்களின் படத்தையும் கூடவே அனுப்பியிருக்கிறீர்கள்.

அந்தச் சான்றிதழ்களிலிருந்தே தொடங்குகிறேன். உங்களுக்கு அவள் சங்கத்துக்குப் போவது கவலை. எனக்கு அந்த 11 என்ற எண்தான் கவலை.

கம்பளி ஃபெல்ட், முடிச்சுச் சாயம், இலை அச்சு, எம்பிராய்டரி, டேப்பெஸ்ட்ரி என்ற சித்திர நெசவு, அப்புறம் மறுபடியும் சாயம். ஒவ்வொன்றும் ஒரு நாள். ஒருநாள் பட்டறையில் வேலையின் கடினமான பாதியை வேறொருவர் முதல் நாளே செய்து வைத்திருப்பார். தறியில் நீளவாட்டு இழைகளான பாவை ஏற்றி, ஒவ்வோர் இழையையும் அதைத் தூக்கி இறக்கும் விழுதில் கோத்து, சீப்புப் போன்ற அச்சில் நுழைத்து, எல்லா இழையும் ஒரே விறைப்பில் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்து வைத்திருப்பார்கள். மகள் போய் உட்கார்ந்து குறுக்கு இழையான ஊடையை ஓட்டுகிறாள், மாலையில் கையளவு துணியோடு மகிழ்ச்சியாக வீட்டுக்கு வருகிறாள். அந்த மகிழ்ச்சி நல்லதுதான். ஆனால் நெசவில் பெரும் பொழுது போவது அந்த முன்வேலையில். ஓர் இழை தப்பான விழுதில் நுழைந்துவிட்டால் துணியின் நீளம் முழுக்க ஒரு கோடு விழும். அதைக் கண்டுபிடித்து, அவிழ்த்து, அங்கிருந்து மறுபடி கோக்க வேண்டும். அந்த நேரத்தில் எரிச்சலோடு எழுந்து போகிறாளா, இல்லை, நேரம் போவதே தெரியாமல் அதிலேயே உட்கார்ந்துவிடுகிறாளா? இந்தத் துறை அவளுக்கு ஒத்துவருமா என்பதற்கான பதில் அங்கே இருக்கிறது. சான்றிதழில் அது வராது.

இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். முன்பெல்லாம் என்னிடம் வரும் மாணவர்களிடம் "எத்தனை சான்றிதழ் இருக்கிறது" என்று கேட்பது என் வழக்கம். ஒரு மாணவியை அப்படித்தான் தயார்செய்து அனுப்பினேன். சேர்க்கை நேர்காணலில் அவளுடைய போர்ட்ஃபோலியோவில், அதாவது படைப்புத் தொகுப்பில், இருந்ததிலேயே நல்ல துணியைக் காட்டி, "இதன் ஓரத்தை எப்படி முடித்தாய்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவளால் சொல்ல முடியவில்லை. பாவு ஏற்றியதும் ஓரம் கட்டியதும் பட்டறை ஆசிரியர். அவள் திரும்பி வந்து அழுதபோது தவறு அவளுடையதல்ல என்று எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நீயே தொடங்கி நீயே முடித்தது எது?

உங்கள் மகளிடமும் அதைக் கேளுங்கள். அவள் காட்டும் பொருள் மேசை விரிப்பு அளவுதான் இருக்கிறது என்றாலும் சரி, பரவாயில்லை.

சங்கத்தை விட்டு விலகச் சொல்ல வேண்டாம். பொழுதுபோகாதவர்கள் கூடும் இடம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. ஆனால் பிரிட்டனில் எம்பிராய்டரி சங்கத்தை 1906-ல் தொடங்கியவர்கள் ராயல் ஸ்கூல் ஆஃப் நீடில்வொர்க் என்ற ஊசிவேலைப் பள்ளியில் பயின்று வெளியே வந்த 16 பேர். முறையாகக் கற்ற கையை மழுங்கவிடக் கூடாது, தரம் இறங்கக் கூடாது என்று நினைத்தவர்கள் கூடிய இடம் அது. இன்றும் நல்ல சங்கம் ஒன்றில் ஒரே மேசையைச் சுற்றி ஓய்வுபெற்ற ஆசிரியரும், ஆலையில் வேலை பார்த்த வடிவமைப்பாளரும், நாற்பது ஆண்டாகத் தறியில் உட்கார்ந்தவரும் இருப்பார்கள். பதினேழு வயதில் அப்படிப்பட்டவர்கள் பக்கத்தில் உட்காரக் கிடைப்பது பெரிய கொடுப்பினை.

ஆகவே என் யோசனை இது. இந்த ஆண்டு புதிய பட்டறை எதுவும் வேண்டாம். தொட்டுப் பார்த்தவற்றில் ஒன்றை மட்டும் அவள் எடுத்துக்கொள்ளட்டும். நெசவு என்றால், மூத்த உறுப்பினர் ஒருவர் பாவு ஏற்றும் நாளில் உதவிக்குப் போகட்டும். முதலில் நூலின் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலைதான் கிடைக்கும். நிற்கட்டும். சங்கத்தில் நூலகமோ இரவல் தறியோ இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். இப்படிக் கேட்டு வாங்கும் பழக்கமும் ஒரு தொழில் திறன்தான்.

சாயம் என்றால் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். "படிகாரத்தில் ஊறவைத்தேன், நல்ல மஞ்சள் வந்தது" என்று எழுதினால் அது நாட்குறிப்பு. உலர்ந்த நூல் 100 கிராம், படிகாரம் 12 கிராம், எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரம், எந்தத் தண்ணீர் என்று எழுதி, பக்கத்தில் நூல் மாதிரியை ஒட்டி, அதே நூலில் இன்னொரு துண்டைப் பாதி மூடி ஜன்னலோரம் ஒரு மாதம் வைத்து, வெளிறியது எவ்வளவு என்றும் குறித்து வைத்தால், சாயத் தொழிற்கூடத்தில் இருப்பவர்கள் மதிக்கும் ஆவணம் அது. நீலச் சாயம் தரும் அவுரித் தொட்டியிலிருந்து எடுக்கும்போது பச்சையாக இருக்கும் நூல் காற்றுப் பட்டதும் ஏன் நீலமாகிறது என்று அவளைக் கேட்டுப் பாருங்கள். ஆக்சிஜனேற்றம் என்று வேதியியல் பாடத்திலிருந்து அவள் பதில் சொன்னால், "இதனால் படிப்பு கெடுகிறது" என்று நீங்கள் எழுதிய வரியை நீங்களே அடித்துவிடுவீர்கள்.

இனி கண்காட்சி. நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான். பெற்றோர் பெரும்பாலும் திறப்பு விழாவுக்கு வருகிறார்கள், மகளின் துணி முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், போய்விடுகிறார்கள். ஒரு துணி அந்தச் சுவருக்கு வந்து சேர்ந்த வழியில்தான் பிள்ளைகள் தொழிலைக் கற்கிறார்கள்.

முதலில் அழைப்பு வரும். கருப்பொருள், அளவு வரம்பு, கடைசித் தேதி. பட்டறையில் தேதியை ஆசிரியர் பார்த்துக்கொள்வார், இங்கே அவளே பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்து புகைப்படம். முழுத் துணிக்கு ஒன்று, நெருக்கத்தில் ஒன்று என்று கேட்பார்கள். நேர் எதிரே விளக்கை வைத்து எடுத்தால் இழை தெரியாமல் தட்டையாக வரும், பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் நெசவின் மேடு பள்ளம் தெரியும். தேர்வுக் குழு முதலில் பார்ப்பது பல நேரங்களில் அந்தப் படத்தைத்தான் என்பதால் இதில் சோம்பல் கூடாது.

அப்புறம் படைப்புக் குறிப்பு. ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் முதல் தடவை "இயற்கையின் மீதுள்ள என் அன்பை வெளிப்படுத்துகிறேன்" என்று எழுதுகிறார்கள். அது யாருடைய துணிக்கும் பொருந்தும். "மழையில் நனைந்த மரப்பட்டையின் பளபளப்பு வேண்டும் என்பதற்காகக் கருப்புப் பருத்தியோடு ஒரு பட்டு இழையைச் சேர்த்தேன்" என்று எழுதினால் அது அவளுடைய துணிக்கு மட்டும்தான் பொருந்தும். இந்த ஒரு வாக்கியத்துக்கு வந்துசேர ஒரு வாரம் ஆகலாம். ஆனால் பின்னாளில் நேர்காணலிலும், வாடிக்கையாளர் முன்னாலும், நிதியுதவி விண்ணப்பத்திலும் அவள் பேச வேண்டியது இந்த மொழியைத்தான்.

தொங்கவிடுவதற்கு, மேல் ஓரத்தின் பின்பக்கம் கோல் நுழைய ஒரு துணிக்குழாய் தைக்க வேண்டும். 10 செ.மீ. அகலம் கேட்பது வழக்கம். அது கோணலாக இருந்தால் ஆறு மாத வேலையும் கோணலாகத்தான் தொங்கும். கொண்டுபோகும்போது மடிக்காமல் அட்டைக் குழாயில் சுருட்ட வேண்டும், மடித்தால் மடிப்புக் கோடு நிற்கும். அரங்கில் வெளிச்சம் ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது என்று கேட்டால், சாயம் வெளிறும், இழை நலியும், அந்தச் சேதத்தைத் திருத்தவே முடியாது, அதனால் அருங்காட்சியகங்களில் துணிகளுக்கு வெளிச்சத்தை 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவில் நிறுத்திக்கொள்கிறார்கள் என்று யாராவது ஒருவர் அவளுக்குச் சொல்லித் தருவார். துணிப் பாதுகாப்பு என்று ஒரு படிப்பும் ஒரு வேலையும் இருப்பதையே இப்படிக் கண்காட்சி அரங்கில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது தெரிந்துகொண்டவர்களை நான் அறிவேன்.

விண்ணப்பப் படிவத்தில் மதிப்பு என்று ஒரு கட்டம் இருக்கும், காப்பீட்டுக்கோ விற்பனைக்கோ. தன் உழைப்புக்கு அவள் முதன்முதலாக ஓர் எண்ணைப் போடும் இடம் அது. எத்தனை மணி நேரம், நூலுக்கு எவ்வளவு, விற்றால் சங்கத்துக்குப் போகும் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போடாமல் மனத்துக்குத் தோன்றியதை எழுதுவார்கள், பெரும்பாலும் மிகக் குறைவாக. அன்று மட்டும் நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். எண்ணைச் சொல்லித் தர வேண்டாம், எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாளா என்று மட்டும் கேளுங்கள்.

தேர்வாகாமலும் போகலாம். அப்போது தேர்வுக் குழு நியாயமில்லாதது என்று அவளுக்கு ஆறுதலாகச் சொல்லிவிடாதீர்கள். காரணம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். ஒரே துணியில் மூன்று யோசனைகள் மோதுகின்றன என்று பதில் வாங்கிய ஒரு மாணவி, அடுத்த ஆண்டு மூன்றில் ஒன்றை மட்டும் நெய்து கொடுத்தாள். அது சுவரேறியது. அவளுடைய போர்ட்ஃபோலியோவில் பழைய துணியையும் அந்தப் பதில் கடிதத்தையும் சேர்த்தே வைக்கச் சொன்னேன்.

பிழைப்புக்கு வருகிறேன். கண்காட்சியில் வைக்கும் கலைத்துணிகளை விற்று மட்டுமே வாழ்பவர்கள் குறைவு. இதை உங்களிடம் மறைக்க மாட்டேன், மகளிடமும் மறைக்காதீர்கள். பெரும்பாலோர் இரண்டு மூன்று வேலைகளைப் பின்னித்தான் வாழ்கிறார்கள்: ஆலைக்கு நெசவு அல்லது அச்சு வடிவமைப்பு, நிறத் தேர்வு, நாடக உடை, அருங்காட்சியகப் பணி, கற்பித்தல், அதோடு சொந்தப் படைப்பு. முழுநேர வேலை வேண்டுமென்றால் நெசவு அமைப்பை வரைபடத்தில் படிக்கவும் கணினியில் வரையவும் தெரிந்திருக்க வேண்டும். கை அறிந்தவள் அதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வாள்.

இழை அறிவு கலைக்கூடத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. ஜெர்மனியின் பவுஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில் 1922-ல் சேர்ந்த ஆன்னி ஆல்பர்ஸ் நெசவுப் பிரிவுக்கு அரைமனத்தோடுதான் போனார். 1930-ல் பட்டயத்துக்காக அவர் செய்து கொடுத்தது ஓர் அரங்கச் சுவருக்கான துணி. ஒரு பக்கம் செல்லோஃபேன், ஒளியைத் திருப்பித் தந்தது. மறுபக்கம் ஒலியை உள்வாங்கியது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1949-ல் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. ஒரு துணிக்கலைஞருக்கு அங்கே அதுதான் முதல் தடவை. இன்னொருவர் மைக்கேல் டிபேக்கி, ஹூஸ்டனில் இதய அறுவை மருத்துவர். 1950-களில் கடையில் டேக்ரான் என்ற பாலியெஸ்டர் துணி வாங்கி, வீட்டுத் தையல் இயந்திரத்தில் செயற்கை ரத்தக் குழாயைத் தைத்தார். தையலை அவருக்குக் கற்றுக்கொடுத்தது அவருடைய அம்மா. உங்கள் மகள் மருத்துவத் துணி பக்கம் போவாள் என்று நான் சொல்லவில்லை. துணி படித்தால் ஒரே கதவுதான் என்ற பயத்தோடு முடிவெடுக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சான்றிதழ் விஷயத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. வந்து உட்கார்ந்ததற்குத் தருவது வேறு, வேலையை ஆய்வாளர்கள் சோதித்துத் தருவது வேறு. 1969-ல் தொடங்கிய அமெரிக்கக் கைநெசவாளர் சங்கம் இரண்டாம் வகைச் சான்றிதழைத் தருகிறது. முதல் நிலையில் அடிப்படைத் திறன்கள் முழுவதையும் மாதிரித் துணிகளாக நெய்து காட்ட வேண்டும், அடுத்த நிலையில் தானே ஒரு தலைப்பை எடுத்து ஆழமாக ஆராய வேண்டும். அவளுடைய சங்கத்தில் அப்படி ஏதும் இருந்தால் அந்த ஒன்றுக்கு முயலட்டும்.

மேற்படிப்பை இன்றே முடிவு செய்ய வேண்டாம். தேர்வுக்குப் படிக்கும் நேரத்தில் கைவைக்காமல், சனிக்கிழமைகளை மட்டும் கொண்டு, சங்கத்தின் அடுத்த கண்காட்சிக்கு அவளே தொடங்கி அவளே முடித்த ஒரு துணியைக் கொடுக்கட்டும். நீங்கள் திறப்பு விழாவுக்குப் போவதற்குப் பதில், துணிகளைத் தொங்கவிடும் நாளில் போங்கள். கட்டாயம் ஒரு கை குறைவாகத்தான் இருக்கும், உங்களையும் எதையாவது பிடிக்கச் சொல்வார்கள். அப்போது அவளுடைய துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். முடிச்சுகளை எங்கே ஒளித்தாள், எங்கே பிரித்து மறுபடி நெய்தாள் என்று அவளே சொல்வாள். அவள் சொல்வதைக் கேட்டுவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். படைப்புக் குறிப்பின் முதல் வரைவையும் அனுப்பச் சொல்லுங்கள், அதற்கு நான் அவளுக்கே நேராகப் பதில் எழுதுகிறேன்.