பூனையின் குரலும் உருளைக்கிழங்கும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸிஸ்' நாவலை மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும் மூன்றாம் அத்தியாயத்திலேயே நிறுத்திவிட்டேன். விளக்க நூல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதைப் படிக்க வேண்டுமா?

பதில்: அந்த மூன்றாம் அத்தியாயத்தில் கால் இடறாதவர்கள் குறைவு. ஸ்டீபன் டெடாலஸ் என்னும் இளைஞன் டப்ளின் கடற்கரையில் தனியே நடந்தபடி, கண்ணால் காண்பது எது, காதால் கேட்பது எது என்று அரிஸ்டாட்டிலில் தொடங்கி எண்ணிக்கொண்டே போகிறான். அவன் படித்ததையெல்லாம் நாமும் படித்திருந்தாலொழிய அவனுக்கு ஈடுகொடுத்து நடக்க முடியாது. தயங்காமல் நான்காம் அத்தியாயத்துக்குத் தாவிவிடுங்கள். 1904 ஜூன் 16 காலையில் தொடங்கும் இந்த நாவலில், நான்காம் அத்தியாயத்தில் கடிகாரம் மறுபடியும் எட்டு மணிக்கே திரும்பிவிடுகிறது என்பதால், தாவியதால் கதையின் இழை அறுந்துபோகாது.

அங்கே நாவலின் நாயகர் லியோபோல்ட் புளூம் மனைவிக்குக் காலை உணவு எடுத்துவைத்துக்கொண்டிருக்கிறார். பசித்த பூனை ஒன்று மேசைக்காலைச் சுற்றி வருகிறது. அதன் குரலை ஜாய்ஸ் எப்படி எழுதுகிறார் என்று பாருங்கள்: முதலில் 'ம்க்நாவ்', அடுத்து 'ம்ர்க்நாவ்', பொறுமை இழந்தபின் 'ம்ர்க்ர்நாவ்'. பசி ஏற ஏற நடுவில் ஓர் எழுத்து கூடுகிறது. பாலைக் கண்டதும் ஒலியே வேறாகிவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ள எந்த விளக்க நூலும் வேண்டியதில்லை, வாய்விட்டுப் படித்தால் போதும். சிறிது நேரத்தில் புளூம் வெளியே புறப்பட்டு, வாசலில் நின்று கால்சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறார்; சாவி இல்லை, உருளைக்கிழங்கு இருக்கிறது. ஒரு மனிதர் ஏன் பையில் உருளைக்கிழங்கோடு திரிய வேண்டும்? அந்த இடத்தில் ஜாய்ஸ் வாய் திறப்பதில்லை. பல நூறு பக்கங்கள் கழித்துப் பதினைந்தாம் அத்தியாயத்தில்தான், அது அவருடைய தாயின் நினைவாக வைத்திருப்பது என்று தெரியவருகிறது. ஒருவருடைய மனத்துக்குள் நாம் உட்கார்ந்திருக்கிறோம், அவர் தமக்கே தெரிந்ததைத் தமக்குத் தாமே விளக்கிக்கொள்ள மாட்டார். மனத்தில் ஓடுவதை ஓடியபடியே எழுதும் இந்த நனவோடை உத்தியில் நாம் இடறும் இடங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். விளங்காததை மடித்து வைத்துவிட்டு மேலே போவதும் வாசிப்பில் சேர்த்திதான்.

விளக்க நூல்களைக் குறை சொல்லவில்லை. ஜாய்ஸே 1920இல் கார்லோ லினாட்டி என்ற விமர்சகருக்கு, எந்த அத்தியாயம் ஹோமரின் 'ஒடிஸி' காவியத்தில் எந்தப் பகுதிக்கு இணை என்று அட்டவணை போட்டு அனுப்பினார். 1930இல் ஸ்டூவர்ட் கில்பர்ட் அதையொத்த ஓர் அட்டவணையை அடிப்படையாக வைத்து ஒரு நூலே எழுதினார். ஆனால் அந்த ஹோமர் தலைப்புகளை நாவலில் அச்சிட வேண்டாம் என்று முடிவு செய்தவரும் ஜாய்ஸ்தான். அட்டவணையை முதலில் பார்த்தவர் அதற்குப் பொருந்துவதை மட்டுமே பக்கத்தில் தேடுவார், பூனையை விட்டுவிடுவார். இரண்டாம் முறை படிக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இவ்வளவு சுற்றி வளைத்து எழுதுவது மேதாவித்தனத்தைக் காட்டிக்கொள்ளத்தானே? நேரடியாகச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

பதில்: சில நூல்களைப் பொறுத்தவரை உங்கள் சந்தேகம் நியாயமானதே. ஆனால் வர்ஜீனியா வூல்ஃபின் 'டு த லைட்ஹவுஸ்' (1927) நாவலின் நடுப்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளில்லாத வீட்டில் காற்று புகுவதும் ஈரம் படிவதும் பக்கம் பக்கமாக வருகின்றன. நூறு பக்கங்களுக்கு மேல் நாம் உடன் வாழ்ந்த திருமதி ராம்ஸே இறந்த செய்தியோ சதுர அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு வாக்கியம், அதிலும் கணவர் கை நீட்டி வெறுமையைத் தழுவும் செய்கைக்கு நடுவே ஒரு துணைவாக்கியம். நேரடியாக ஒரு மரணக் காட்சி எழுதியிருந்தால் நாம் அழுதிருப்போம். காலம் மனிதரை எவ்வளவு அலட்சியமாகக் கடந்துபோகிறது என்பது மட்டும் நமக்கு உறைத்திருக்காது.

கேள்வி: இத்தகைய நாவல்களெல்லாம் பாரிஸ் காப்பிக் கடைகளில், கடனிலும் குடியிலும் கட்டற்ற பொஹீமிய வாழ்க்கையிலும் பிறந்தவை என்கிறார்கள். அந்த வாழ்க்கை தெரியாமல் அவற்றை உணர முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். வறுமையிலும் கட்டற்று வாழும் கலைஞர் வாழ்க்கையான பொஹீமியத்தைப் புகழ் பெறச் செய்த பிரெஞ்சு எழுத்தாளர் ஆன்ரி முர்ஜேரே தமது 1851ஆம் ஆண்டு நூலின் முன்னுரையில், அது கலைஞரின் பயிற்சிக் காலம் என்றும், அங்கிருந்து போகும் வழி அகாதமிக்கோ மருத்துவமனைக்கோ பிணவறைக்கோ என்றும் எழுதினார். அனுபவித்தவர் சொன்னது, அவரே நாற்பது வயதைத் தொடவில்லை. ஜாய்ஸ் குடிக்காதவரல்லர். ஆனால் 'யுலிஸிஸ்' உருவானது மேசையில். பிழைதிருத்துவதற்கான அச்சுப்படிகள் வரவர ஓரங்களில் எழுதி எழுதியே நாவலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெருக்கினார். அதற்குப் பின்னால் அவருடைய புரவலர் ஹாரியட் ஷா வீவரின் பணமும், 1922இல் தமது புத்தகக் கடையின் பெயரில் ஆயிரம் படிகள் வெளியிட்ட சில்வியா பீச்சின் பொறுமையும் இருந்தன. காப்பிக் கடையை நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு அச்சுக்கோப்பவரை யாரும் நினைப்பதில்லை!

பொஹீமியத்தை உள்ளிருந்தே பார்க்க வேண்டுமானால் அர்ஜென்டினா எழுத்தாளர் ஹூலியோ கொர்த்தாஸாரின் 'ராயுவேலா' (1963) நாவலின் 28ஆம் அத்தியாயத்தைப் படியுங்கள். பாரிஸில் ஓர் அறை, இரவு, நண்பர்கள் ஒவ்வொருவராக வந்து தத்துவம் பேசுகிறார்கள். இருட்டில் கிடக்கும் குழந்தை இறந்துவிட்டது என்பது நாயகன் ஒலிவேராவுக்குத் தெரியும். பிறகு மற்றவர்களுக்கும் ஒவ்வொருவராகத் தெரிகிறது. குழந்தையின் தாயும் ஒலிவேராவின் காதலியுமான மாகாவுக்கு மட்டும் தெரியாது. பேச்சு நிற்பதேயில்லை. அந்த வாழ்க்கையின் மீது வைத்த இதைவிடக் கடுமையான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

கேள்வி: 'ராயுவேலா'வை எந்த வரிசையில் படிப்பது?

பதில்: முதலில் 1 முதல் 56 வரையுள்ள அத்தியாயங்களை நேராகவே படியுங்கள். ஆசிரியர் முன்பக்கத்தில் தரும் இரண்டாம் வரிசை 73ஆம் அத்தியாயத்தில் தொடங்குகிறது. அதில் 55ஆம் அத்தியாயம் இடம்பெறாது, கடைசியில் 131க்கும் 58க்கும் இடையே முடிவின்றிச் சுற்ற வைக்கும். 34ஆம் அத்தியாயத்தில் மட்டும் சற்று நிதானம் தேவை. மாகா விட்டுச்சென்ற ஒரு பழைய நாவலின் வரிகளும், அதைப் படிக்கும் ஒலிவேராவின் எரிச்சலான எண்ணங்களும் ஒன்றுவிட்டு ஒரு வரியாக அச்சாகியிருக்கும். ஒற்றைப்படை வரிகளை ஒரு முறையும் இரட்டைப்படை வரிகளை ஒரு முறையும் படித்துவிட்டு, பிறகு அச்சிட்டபடியே மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். புத்தகத்தில் கண் இருந்தும் மனம் அவளிடம் போய்விட்ட ஒருவனின் தடுமாற்றம் உங்கள் கண்ணுக்கே வந்துவிடும்.